இடப்பக்க சீட்டுக்கு வந்த போட்டி

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை டிரைவிங் பள்ளிக்குப் போனார். இரண்டொரு நாளில் திரும்பி வந்து, "பெடல் மூணு இருக்குது, கால் ரெண்டுதான் இருக்குது. கணக்கு ஒத்து வரல," என்று சொல்லிவிட்டார். அவர் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர். கணக்கு ஒத்து வராத காரியத்தில் இறங்க மாட்டார்.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான். நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளுக்குப் போய்க் கோழிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். பண்ணைகள் எல்லாம் ஊரை விட்டுத் தள்ளி, தோட்டம் காட்டுக்கு நடுவே இருக்கும். நீளமான கொட்டகைகள், ஒரு தீவனக் கிடங்கு, கேட்டில் டயரை நனைத்துவிட்டுப் போக ஒரு மருந்துத் தண்ணீர்த் தொட்டி. ஒரு பண்ணையைப் பார்த்தால் எல்லாப் பண்ணையையும் பார்த்த மாதிரி. அவற்றுக்குப் போகும் மண் தடங்களும் அப்படித்தான். ஒருமுறை தப்பான பண்ணைக்குள் போய், ஒரு கொட்டகை முழுக்கப் பார்த்து முடித்த பிறகுதான் உரிமையாளர் வந்து, "ஏனுங்க, உங்கள ஆரு வரச் சொன்னது?" என்று கேட்டார்.

அதனால் விடுமுறை நாட்களில் கணவர் என்னோடு வருவார். இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வார். "அந்தக் கல்லுக் கம்பத்துக்கிட்ட ரைட்டு," "இந்தத் தொட்டி தாண்டி லெஃப்ட்டு" என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வந்துவிடும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பிப் போனால் மட்டும், தப்பு என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "இது வேற வழி. இதுலயும் போலாம்," என்பார். எவ்வளவு தூரம் சுற்றினாலும் கடைசியில் எங்காவது தார் ரோடு வரும். வந்ததும், "சொன்னனா இல்லையா" என்பது போல என்னைப் பார்ப்பார்.

எங்கள் பழைய டீசல் கார் படுத்தபோது மின்சாரக் கார் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. நான் போகிற பண்ணைகள் எல்லாம் சுற்று வட்டாரத்துக்குள்தான். வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டால் போதும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் கார் என்பதில்தான் சண்டை வந்தது. அதிலும் பேட்டரியைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ ஒருவரும் பேசவில்லை. நடுவில் இருக்கும் ஸ்க்ரீனைப் பற்றித்தான் எல்லாப் பேச்சும்.

ஆரம்பித்து வைத்தவர் என் அண்ணன். சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார். இளவயதில் அவரே ஓட்டி வடக்கே பாதி நாட்டைப் பார்த்தவர். சில மாதங்களுக்கு முன்னால்தான் ஒரு மின்சாரக் கார் வாங்கியிருந்தார். நாங்கள் வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும், ஒரு சனிக்கிழமை அண்ணியையும் கூட்டிக்கொண்டு அதே காரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

"வண்டி ஓட்டறதுக்கு எந்த வண்டி வேணாலும் ஆகும் சாமி. இந்த டிவியப் பாரு," என்று கதவைத் திறந்தார்.

ஸ்டீயரிங்கில் தொடங்கி அந்தப் பக்கக் கதவு வரைக்கும் ஒரே கண்ணாடி. ஒரு பட்டன் கிடையாது. ஏசிக் காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும் என்பதைக்கூட விரலால் கண்ணாடியில் இழுத்துக் காட்ட வேண்டும். பின் சீட்டில் இருந்த அண்ணி, "நம்ம ஊட்டு ஃபேன்னா ஒரு தட்டுத் தட்டுனாத் திரும்பும். இதுல இவரு படம் வரஞ்சு முடிக்கறதுக்குள்ள சங்ககிரி வந்துருது," என்றார்.

என் கணவர், சீட்டுக்கு முன்னால் சாமான் வைக்கும் பெட்டியை எப்படித் திறப்பது என்று கேட்டார். அதற்கும் ஸ்க்ரீன்தான். அண்ணன் ஒரு பக்கத்தைத் தொட்டு, அதற்குள் இன்னொரு பக்கத்தைத் தொட்டு, மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் திறந்தார். உள்ளே பேக்கரிக் காகிதம் ஒன்று கசங்கிக் கிடந்தது, தேங்காய் பன் சுற்றியது. அண்ணனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சட்டென்று கையாலேயே அமுக்கி மூடிவிட்டார். மூடுவதற்கு ஸ்க்ரீன் தேவைப்படவில்லை.

"இது என்னங் பெரிய விசயம். பேசுனாக் கேக்கும், அதுதான் விசயம்," என்று பேச்சை மாற்றினார். வணக்கம் என்று சொன்னால் அந்தக் காருக்குள் இருக்கும் பெண்குரல் விழித்துக்கொள்ளும். யாராவது ஜன்னல் ஓரமாக வந்து அண்ணனுக்கு வணக்கம் வைத்தாலும் விழித்துக்கொண்டு, "சொல்லுங்கள், நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்குமாம். சங்ககிரியில் லாரிக்காரர்கள் சிலர் அதற்குப் பயந்து இப்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்களாம்.

அண்ணன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம். ஊட்டுக்குப் போலாம்," என்றார்.

"ஊட்டிக்கு வழி காட்டத் தொடங்குகிறேன்," என்றது குரல். "மேட்டுப்பாளையத்தில் சார்ஜ் செய்துகொள்ளலாம். மலைப்பாதையில் பனிமூட்டம் காணப்படுகிறது."

"ஊட்டி இல்லீங். ஊடு. நம்ம ஊட்டுக்கு."

"ஊட்டியில் தங்கும் விடுதிகளைத் தேடட்டுமா?"

என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மச்சான், வீடுன்னு சொல்லிப் பாருங்க," என்றார்.

"எங்கூட்டுக்குப் போறதுக்கு நான் எதுக்குங் மாப்ள அடுத்தவிய பேச்சுப் பேசோணும்?" என்று அண்ணன் கோபித்துக்கொண்டார்.

அண்ணி பின்னால் இருந்து அண்ணனிடம் அமைதியாக, "பரவால்லைங் மாமா. அது சொல்றாப்புல ஊட்டிக்கே போலாம். கல்யாணத்தப்பக் கூட்டிட்டுப் போறன்னு சொன்னதுதானுங்," என்றார்.

அன்று காலையில்தான் நாங்கள் சேலத்தில் ஒரு ஷோரூமில் பேசி, இன்னொரு கம்பெனியின் மின்சாரக் காரை ஓட்டிப் பார்க்க வாங்கி வந்திருந்தோம். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார்கள். சாவி கொடுத்த பெண், "இதுல இன்ஃபோடெயின்மென்ட் கொஞ்சம் சிம்பிளாத்தான் மேடம் இருக்கும்," என்று வீட்டில் சோறு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி தயங்கித் தயங்கிச் சொன்னார். ஸ்க்ரீன் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுக்குத்தான் இருந்தது. ஏசிக்குத் திருகு, பாட்டுச் சத்தத்துக்குத் திருகு. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பண்ணைக்குள் போய் வந்த கையால் கண்ணாடியைத் தொட எனக்கு மனசு வராது.

என் கணவருக்கு அதைவிடப் பிடித்துவிட்டது. சேலத்திலிருந்து வரும்போது புதிதாகக் கட்டிய ஒரு மேம்பாலத்தில் ஏறினோம். அந்தக் காரின் மேப்புக்கு அப்படி ஒரு பாலம் இருப்பதே தெரியவில்லை. ஸ்க்ரீனில் எங்கள் கார் ரோட்டை விட்டு இறங்கி யாருடைய காட்டுக்குள்ளோ போய்க்கொண்டிருந்தது. திரும்பச் சொல்லி ஒரு அம்புக்குறி மட்டும் பரிதாபமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. என் கணவர் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"நமக்கு ஏத்த வண்டி இதுதான் டாக்டரே," என்றார். வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"மேப்பே தப்பா இருக்குதுங்க."

"தப்பா இருந்தா என்ன? அடக்கமா இருக்குது பாரு. கேட்டாத்தான் பேசுது."

வழி தெரியாத மேப்பை ஒரு மனுஷன் இவ்வளவு புகழ வேண்டிய காரணம் என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையம் பக்கம் ஒரு காதுகுத்து. அண்ணியின் சித்தப்பா மகள் வீட்டு விசேஷம். கெடா விருந்து. அண்ணன் ஒரு யோசனை சொன்னார்.

"போறப்ப நம்ம வண்டிய நீ ஓட்டு சாமி. வாரப்ப அந்த வண்டிய ஓட்டு. ரெண்டயும் ஒரே ரோட்டுல ஓட்டிப் பாத்தாத்தான் எது நல்லதுன்னு தெரியும். நான் அதை எடுத்துட்டுப் பின்னாலயே வாரேன்."

அண்ணி, தனக்குப் பழகின வண்டிதான் சௌகரியம் என்று எங்களோடு ஏறிக்கொண்டார். விசேஷ வீட்டுக்காரர் அனுப்பிய இடத்தை அண்ணனே ஸ்க்ரீனில் போட்டுக் கொடுத்தார்.

நாமக்கல் தாண்டுவதற்குள்ளாகவே என் கணவருக்கும் அந்தக் குரலுக்கும் ஆகவில்லை என்று தெரிந்துவிட்டது. பரமத்தி ரோட்டில் அவர் ஒரு திருப்பத்தைச் சொல்ல வாயைத் திறந்தால், அதற்கு முன்னால் குரல் அதைச் சொல்லிவிடும். அவர் வாயை மூடிக்கொள்வார். அடுத்த தடவை இன்னும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று, வராத திருப்பத்துக்கெல்லாம் கையை நீட்ட ஆரம்பித்தார்.

"சிறிது தூரத்தில் வலதுபுறம் திரும்பவும்," என்றது குரல்.

"வேண்டாம். நேராப் போ," என்றார் கணவர்.

"சரிங்க," என்றார் பின்னால் இருந்த அண்ணி.

நான் திரும்பிப் பார்த்தேன். "யாருக்குங் அண்ணி சரிங்கன்னீங்க?"

"அந்தப் புள்ளைக்குத்தான் அம்மிணி. அது பாட்டுக்குச் சொல்லிட்டே வருது. ஒரு பதிலுகூடச் சொல்லாம எப்புடி இருக்கறது?"

கால் விறைத்துப்போகிற அளவுக்கு ஏசி குளிர்ந்தது. குறைக்கலாம் என்று கண்ணாடியைத் தொட்டேன். ரோட்டில் ஒரு பள்ளம் வந்து விரல் நழுவியது. ரேடியோ பாடத் தொடங்கியது. அதை நிறுத்தப் போனேன். என் சீட்டு உள்ளுக்குள்ளிருந்து முதுகைப் பிசைய ஆரம்பித்தது. அதை எப்படி நிறுத்துவது என்று ஸ்க்ரீனைப் பார்த்தேன். உடனே ஒரு மணி அடித்து, "சாலையைக் கவனிக்கவும்," என்று குரல் கண்டித்தது. ஓட்டுகிறவர் கண் எங்கே போகிறது என்று பார்க்க அதில் ஒரு கேமரா இருக்கிறதாம். எல்லாவற்றையும் ஸ்க்ரீனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஸ்க்ரீனைப் பார்த்தால் திட்டுகிற வண்டியை என்ன செய்வது? கபிலர்மலை வரைக்கும் முதுகைக் கொடுத்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

அதற்கப்புறம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக ரோடு குறுகியது. குரல் ஒரு மண் தடத்தில் திரும்பச் சொன்னது. கணவர் வேண்டாம் என்றார். பக்கக் கண்ணாடியில் அண்ணன் பின்னாலேயே வருவது தெரிந்தது. அவர் வண்டியைச் சோதித்துப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம் என்று நான் குரல் சொன்ன பக்கமே திரும்பினேன். தடம் தென்னந்தோப்புக்குள் நுழைந்து, ஒரு வாய்க்கால் கரையில் போய் நின்றது.

"நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்," என்றது குரல். "சேருமிடம் உங்கள் இடதுபுறம் உள்ளது."

உண்மைதான். இடதுபுறம்தான் இருந்தது. ஆனால் நடுவில் வாய்க்கால் இருந்தது, இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர். அந்தக் கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. கறி வேகிற வாசனை தண்ணீரைத் தாண்டி வந்தது. பந்தலில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுக் கையசைத்தார்கள். அண்ணியும் ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கையசைத்துவிட்டு ஏற்றிக்கொண்டார்.

என் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு சீட்டில் சாய்ந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"சேந்தாச்சு. எறங்கி நீந்துங்க," என்றார்.

அதற்குள் அண்ணன் அந்தச் சின்ன வண்டியைப் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எங்கள் கதவுக்குப் பக்கத்தில் வரும்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் போன் எப்போதும் அவருடைய காரோடு இணைந்து பழகியது. பக்கத்தில் வந்ததும் அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. வெளியே அண்ணன் காதில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே எங்கள் மூன்று பேரையும் சுற்றி, நாலு கதவு ஸ்பீக்கரிலும் ஒரு ஆண் குரல் கணீரென்று வந்தது. சங்ககிரியில் அண்ணனுக்குக் கூட்டாளியான இன்னொரு லாரிக்காரர்.

"ஏனுங், தங்கச்சிகிட்ட வண்டிய ஓட்டக் குடுத்துட்டீங்களா? வாங்கிக்கற மாதிரி இருக்குதுங்களா?"

வெளியே அண்ணன், "அலோ, அலோ, கேக்குதுங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு நல்லாக் கேக்குதுங். சீக்கிரம் அதுன்ற தலைல கட்டி உட்டுருங்க. ஒரு போனு வந்தா வண்டியே கேக்குது, அது நமக்கு ஆகற வண்டி இல்லீங். அன்னைக்கு பேக்கரில பன்னு சூடா எறங்கிருக்குது, வாங்கன்னு நான் கூப்புட்டனே, பின்னால அம்மிணி உக்காந்திருந்துச்சுன்னீங்களே. அப்பறம் என்னதான் சொல்லுச்சு?"

 அண்ணி முன்னால் சாய்ந்து, நிதானமாக ஸ்க்ரீனைப் பார்த்துப் பேசினார்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்ணா. பாதிப் பன்னு தின்னாப் போதும்னு சொன்னனுங். முழுசாத் தின்னுருக்கறாருன்னு நேத்துக் காயிதத்தப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது."

 ரொம்ப மெல்ல, "அம்மிணிங்களா?" என்றார் கூட்டாளி.

"ஆமாங்ணா. வண்டிக்குள்ளதான் இருக்கறனுங். அவரு வெளிய நிக்கறாரு. கூப்புடட்டுங்களா?"

"வேண்டாமுங் அம்மிணி. அவசரமில்ல. நான் பொறவு பேசிக்கறேன்."

வெளியே அண்ணன் போனை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். "இந்த ஊர்ல சிக்னலே இல்ல சாமி," என்றார்.

"இருக்குதுங்ணா. நல்ல சிக்னல்," என்றேன்.

அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு ஸ்க்ரீனைப் பார்த்தார். கூட்டாளியின் போட்டோ, கூலிங்கிளாஸ் போட்டு எடுத்தது, ஸ்டீயரிங்கிலிருந்து கதவு வரைக்கும் இன்னும் மறையாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இரண்டு நாளாக இந்த மனுஷன் அவ்வளவு புகழ்ந்தது எல்லாம் என் தலையில் கட்டுவதற்குத்தானா? உடன்பிறந்தவளிடம் போய் வியாபாரப் பேச்சா? ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, பாதியில் நின்றிருந்த சீட்டு மறுபடியும் என் முதுகைப் பிசைய ஆரம்பித்தது. அந்த நிலையில் யாராலும் கோபமாகப் பேச முடியாது. சிரித்துவிட்டேன்.

அண்ணன் வாய்க்கால் கரையில் கிடந்த ஒரு தென்னை மட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, என் கணவரிடம் முறையிட்டார். "லாரிக்குள்ள எத்தனையோ வருசம் பேசிருக்கறேன் மாப்ள. ஒரு பேச்சு வெளிய போனதில்ல. இதுக்குள்ள உக்காந்தா ஒரு மனுசன் ஒரு வார்த்த தனியாப் பேச முடியறதில்லீங். போன எடுக்கலீன்னா ஏன் எடுக்கலீன்னு இவ கேக்கறா. எடுத்தா இவளே பேசிக்கறா. வண்டி நல்ல வண்டிதான், அதுல பொய்யில்ல. தங்கச்சி தனியாத்தான் ஓட்டீட்டுப் போகுது, அதுக்கு ஒரு தொந்தரவும் இல்லீன்னுதான் நெனச்சேன்."

"தொந்தரவு எனக்கும் இல்லீங் மாமா," என்றார் அண்ணி. "இந்த வண்டிய ஆருக்கும் குடுக்க வேண்டாமுங். எனக்கு இதுதான் புடிச்சிருக்குது."

அண்ணன் தென்னை மட்டையிலிருந்து எழுந்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அந்தக் கரைக்குப் போக வேண்டுமே. கணவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஸ்க்ரீனை ஒரு துண்டால் மூடிவிட்டு, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி, தோப்புக்குள் இப்படியும் அப்படியுமாகத் திருப்பி, நேராக ஒரு வெல்ல ஆலையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தடம் அங்கே முடிந்துவிட்டது. பெரிய கொப்பரையில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கார் வந்து நின்றதும், வெல்லம் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து அங்கிருந்தவர் வாழை இலைக் கிழிசலில் சூடான பாகை வைத்து ஆளுக்கு ஒன்று நீட்டினார். அண்ணன் கையில் இலையை வாங்கிவிட்டார். அண்ணி பார்த்தார். அண்ணன் இலையை என் கணவரிடம் கொடுத்தார். என் கணவர் இரண்டு பங்கையும் சாப்பிட்டார்.

"இது வேற வழி," என்றார் வாயில் பாகோடு. "இதுலயும் போலாம்."

போகவும் முடிந்தது. ஆலைக்குப் பின்னால், கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்களுக்காக வாய்க்காலின் மேல் ஒரு சின்னப் பாலம் போட்டிருந்தார்கள். அப்படி ஒன்று இருப்பது அவருக்கும் தெரியாது என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. ஆனால் பாலத்தைக் கண்டதும் ஒரு விநாடியில் முகத்தை மாற்றிக்கொண்டு, முன்பே தெரிந்தவர் போல லெஃப்ட்டுக்குக் கையை நீட்டினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தைக்குக் காது குத்தி முடித்து, அது அழுது, தூங்கியும்விட்டிருந்தது. பந்திக்குத்தான் சரியாகப் போனோம்.

திரும்பும்போது சொன்னபடி நான் சின்ன ஸ்க்ரீன் காரை எடுத்தேன். நானும் கணவரும் மட்டும். அண்ணனும் அண்ணியும் அவர்கள் வண்டியில் அப்படியே திருச்செங்கோடு வழியாகச் சங்ககிரிக்குப் போய்விட்டார்கள். ஏசியைக் குறைக்க வேண்டும் போலிருந்தது. ரோட்டைப் பார்த்தபடியே திருகைத் திருகினேன். குறைந்தது. அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

"மேப்பு மட்டும் நல்லா இருந்தா இதையே வாங்கிரலாங்க," என்றேன். "போனை இதுல மாட்டுனா போன்ல இருக்கற மேப்பே ஸ்க்ரீன்ல வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. மாட்டிப் பாருங்க."

"அதுக்கு ஒயரு வேணுமே," என்றார்.

"கூடவே ஒண்ணு குடுத்தாங்க."

"எங்கயோ வெச்சேன். காணோம்."

காணாமல் போகவில்லை. அவர் சட்டைப் பையில் வெள்ளையாக அதன் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு கையை நீட்டி அதை உருவினேன். அவர் ஜன்னல் வழியாக வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"வண்டியும் நீதான் ஓட்டற. வழியும் அதே சொல்லிருச்சுன்னா, நான் எதுக்கு வாரேன்? உன்ற மருந்துப் பை மாதிரி சும்மா உக்காந்துட்டு வரோணுமா?"

இத்தனை வருடமும் வீட்டில் பொழுது போகாமல்தான் என்னோடு வருகிறார் என்று நினைத்திருந்தேன். வெயிலில், கோழி எச்ச வாடையில், பண்ணைக்கு வெளியே வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டு காத்திருப்பார். வழி சொல்வதுதான் அவருக்கு அங்கே வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"மருந்துப் பை பேசாதுங்க," என்றேன். "பேசாம வர்ற ஆளு எனக்கு வேண்டாம். அந்த ஸ்க்ரீனை நீங்களே பாத்துக்கங்க. நான் தொட மாட்டேன்."

அவர் ஒயரை என் கையிலிருந்து வாங்கி மாட்டினார். மேப் வந்தது. முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு விரலை வைத்து விரித்தார். ரோட்டுக்குப் பக்கத்துத் தடங்கள் தெரிந்தன. இன்னும் விரித்தார். பரமத்தி வருவதற்குள், எந்தத் தடம் எந்தக் குளத்தில் போய் முடிகிறது, எந்தக் கோழிப் பண்ணைக்குப் பின்வாசல் இருக்கிறது என்றெல்லாம் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். போன் மேப்பின் குரல் ஒரு திருப்பத்தைச் சொன்னால், அது ஏன் அப்படிச் சொல்கிறது என்பதற்கு இவர் காரணம் சொல்வார். முன்னால் ஒரு வழி கேட்க வேண்டியிருந்தது, இப்போது ஒரு வழியும் அதன் விளக்கவுரையும் கேட்க வேண்டியதாகிவிட்டது.

அந்தக் காரையே வாங்கினோம்.  அண்ணி அடுத்த மாதமே டிரைவிங் பள்ளியில் சேர்ந்துவிட்டார். இப்போது அந்தப் பெரிய ஸ்க்ரீன் காரை அவர்தான் ஓட்டுகிறார். அண்ணன் இடப்பக்கம் உட்கார்ந்து, அண்ணி சொல்கிற பக்கமெல்லாம் ஏசிக் காற்றை விரலால் இழுத்து விடுகிறார். பேக்கரிக்குப் போக வேண்டுமென்றால் லாரியில் போகிறார்.

போன வாரம் சேலம் ரோட்டில் ஒரு பண்ணைக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஷோரூமிலிருந்து போன் வந்தது. அதே பெண். வண்டி எப்படி இருக்கிறது என்று கருத்துக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டுமாம். நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் கணவர் பேசினார்.

"இன்ஃபோடெயின்மென்ட், நேவிகேஷன் எல்லாம் திருப்தியா இருக்குதுங்களா சார்?"

"திருப்தின்னு ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுங்க," என்று ஆரம்பித்தார். ஸ்க்ரீனின் அளவுக்கும் அதில் தெரியும் ரோட்டின் நீளத்துக்கும் உள்ள விகிதம் என்ன, குரல் எத்தனை முன்கூட்டிச் சொன்னால் ஓட்டுகிறவருக்குப் பதற்றம் வராது, பண்ணைத் தடங்களை மேப்பில் சேர்ப்பதில் என்னென்ன குறைகள் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அந்தப் பெண்ணும் பொறுமையாக, "ஆமாங்க சார்," "சரிங்க சார்," என்று கேட்டுக்கொண்டார். போன் பேசும்போது மேப்பின் குரல் வராது என்பது எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் இறங்கியிருக்க வேண்டிய ரோடு எப்போதோ பின்னால் போயிருந்தது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைப் படித்தார்.

"புதுச்சத்திரம் மாதிரி இருக்குதே," என்றார்.

"புதுச்சத்திரமேதாங்க," என்றேன். திரும்புவதற்கு இடம் தேடி வண்டியை மெதுவாக்கினேன்.